அந்தூரியத்துக்கு மண்சாடி: மாற்றி நாட்பட்ட பிறகு எப்படி?

பிளாட் பல்கனியில் அந்தூரியம் வளர்ப்பவர்கள் மண்சாடிக்கு மாறலாமா என்றால், மாறலாம், ஆனால் பாரம். எங்களுடையது வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் பார்த்த பல்கனி. கடற்காற்று நேரே அடிக்கும் பக்கம் என்றால் எந்தச் சாடியில் வைத்தாலும் இலை ஓரம் கருகும்.

பழைய பிளாஸ்டிக் சாடியில் வேர் அடித்துளையால் எட்டிப் பார்த்து, ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் ஓடி, பூவும் வரவரச் சிறுத்துப்போன பிறகுதான் மாற்றினேன். புதுச்சாடியின் வாய் இரண்டு அங்குலம் கூட இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி அழுகல் தொடங்கிவிடும்.

உள்ளே போட்டது பொச்சுத் துண்டு, உடைத்த செங்கல், கொஞ்சம் சிரட்டைக்கரி. தும்புத்தூள் மட்டும் போதும் என்பார்கள், கேட்காதீர்கள். மரத்தில் தொற்றி வளரும் சாதி இது, வேருக்குக் காற்று வேண்டும். தூளோ நாட்பட இறுகி, மே மாதம் மழை தொடங்கினால் காயவே காயாது. புதுப் பொச்சில் உப்பு இருக்கும், ஆகவே வாளியில் ஊறவைத்து, சாயத்தண்ணி நிறத்தில் இறங்குவது தெளியும்வரை தண்ணீரை மாற்றுங்கள். கையுறையும் போடுங்கள். அந்தூரியச் சாறில் கல்சியம் ஒட்சலேற்று இருப்பதால் தோலில் பட்டால் கடிக்கும்.

முதலில் சில மாதம் இலை மட்டும்தான் வந்தது, பசளையைக் கூட்டாமல் விட்டேன். அப்புறம் வந்த பூக்கள் பழைய அளவுக்குத் திரும்பின, இப்போதும் அப்படியே இருக்கின்றன.

குறைகளும் உண்டு. மாசி பங்குனி வெயிலில் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் காயும். வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூக்கும், தும்புக்கட்டையால் தேய்த்தால் போகும். பெரிய தொல்லை, வேர் மண்சுவரில் தட்டையாக ஒட்டிப் பிடிப்பது: அடுத்த முறை மாற்றும்போது சாடியோடு ஊறவைத்து, மெல்லிய கத்தியைச் சுற்றிவர விட்டுத்தான் கழற்ற வேண்டும், இழுத்தால் நுனி அறுந்துவிடும்.

அடியில் தட்டு வைத்தால் டெங்கு நுளம்பு, வைக்காவிட்டால் கீழ்வீட்டு அன்ரியின் உடுப்புக் கொடியில் சொட்டும். தட்டு நிறைய மணல் போட்டிருக்கிறேன். சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் பயமில்லை, அன்ரியும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.