மூன்று கணக்குகளாகப் பிரித்த பிறகுதான் நிம்மதி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்கள் இணையத்தளமும் கேட்கத் தொடங்கியதால் அந்த வேலையும் சேர்ந்துகொண்டது. இப்போது என் பொறுப்பில் மூன்று தளங்கள்: தோட்டத்து மாரியம்மன் கோவில், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், ஒரு பூக்கடை.

முன்பு இவற்றை வேறொரு நிறுவனத்தின் பகிர்வு ஹோஸ்டிங்கில், அதாவது பலருடைய தளங்கள் ஒரே சர்வரில் இருக்கும் வாடகை இடத்தில், வைத்திருந்தேன். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் கோவில் பக்கத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம்! ஓட்டை எங்கள் தளத்தில் இல்லை. அதே சர்வரில் இருந்த யாருடைய தளத்திலோ நுழைந்தவன், சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) வழியாக எங்கள் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பைப் படித்துத் தரவுத்தளக் கடவுச்சொல்லை எடுத்துவிட்டான். தோட்டத்து லய வீடுகளில் நடுச்சுவரைக் கூரைவரை எழுப்பாமல் விட்டது போலத்தான் அந்தச் சர்வர். நன்கொடைக்கான வங்கி எண் இருந்த பக்கம் அது. கோவில் தலைவரின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

இப்போதைய நிறுவனம் பகிர்வு சர்வர்களுக்கென்றே உருவான கிளவுட்லினக்ஸ் இயங்குதளத்தில், ஒவ்வொரு கணக்கையும் தனிக் கூண்டில் வைக்கும் கேஜ்எஃப்எஸ் வசதியுடன் இடம் தருகிறது. விளம்பரத்தை நம்பாமல் முதல் நாளே சோதித்தேன். கணக்குகளின் கோப்புறைகள் இருக்கும் ஹோம் அடைவைப் பட்டியலிடும் சிறு பிஎச்பி நிரலை ஓட்டியபோது என் கணக்கு மட்டுமே தெரிந்தது. சர்வரின் பயனர்களைப் பட்டியலிடும் கோப்பில் வேறு வாடிக்கையாளர் ஒருவரின் பெயர்கூட இல்லை. தற்காலிகக் கோப்புகளுக்கும் தனி இடம்.

செயலிக்கும் (சிபியு) நினைவகத்துக்கும் ஒரே நேரத்தில் ஓடும் கோரிக்கைகளுக்கும் கணக்குதோறும் வரம்பு உண்டு. அடுத்த கணக்கில் கூட்டம் கூடினாலும் நம் தளம் திணறுவதில்லை. கோரிக்கை வரம்பை நாமே தாண்டினால், பக்கத்துக்குப் பதில் 508 என்ற பிழைச் செய்தி வரும். தைப்பூசக் காலையில் அன்னதான நேரம் பார்க்க வந்த பலருக்கு அதுதான் கிடைத்தது. படங்களைச் சுருக்கி, கேச் (தயாரான பக்கத்தைச் சேமித்து வைக்கும் வசதி) போட்ட பிறகு சரியானது.

என் பெரிய குறை வேறு. இந்தத் திட்டத்தில் வேலி கணக்குக்கும் கணக்குக்கும் நடுவில் மட்டுமே. ஒரே கணக்கில் மூன்று தளங்களை வைத்தால் மூன்றும் ஒரே பயனரின் பெயரில்தான் ஓடும். பூக்கடையின் பழைய செருகுநிரல் வழியாக வருகிறவன் கோவில் கோப்புகளையும் மாற்றிவிடலாம். விற்பனைப் பக்கத்தில் எத்தனை தளமும் வைக்கலாம் என்று பெரிதாகப் போட்டவர்கள் இதை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

இயங்குதளத்தின் மையமான கர்னல் எல்லாக் கணக்குகளுக்கும் ஒன்றுதான் என்பதையும் மறக்கக்கூடாது; அதில் ஓட்டை இருந்தால் வேலியைத் தாண்டிவிடலாம். கடன் அட்டையில் பணம் வாங்கும் கடையின் தளத்தை நான் இங்கே வைக்கமாட்டேன்.

மூன்று கணக்குகளாகப் பிரித்தேன். மாதம் 15 வெள்ளி (ரிங்கிட்) 45 ஆனது. பூக்கடைக்காரர் சற்று முணுமுணுத்தார். கோவில் குழு தன் பங்கை மறுபேச்சில்லாமல் கொடுத்தது.