ஏர்பேக் விளக்கு: கம்பெனி சர்வீஸா, காரைக்குடி எலக்ட்ரீஷியனா?

கானாடுகாத்தான் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது கார் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. விளக்கு எரிந்தால் மோதலில் ஏர்பேக் விரியாமலே போகலாம். பின்சீட்டில் அப்பத்தா வேறு. அன்று முழுக்க மனசே சரியில்லை.

மதுரை சர்வீஸ் சென்டரில், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஏர்பேக், ஹாரன் இணைப்பைக் கொண்டுபோகும் வயர் சுருள்), ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் இரண்டையும் மாற்ற 48,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஸ்கேனரில் எந்தப் பழுது கோட் (code) வந்தது என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை.

காரைக்குடி எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் கேட்டது, "ஹாரன் அடிக்குதா தம்பி?" அடித்தது. கிளாக் ஸ்பிரிங் போயிருந்தால் பெரும்பாலும் ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்தே மக்கர் பண்ணும். ஏர்பேக் பழுது கோட் படிக்கும் ஸ்கேனர் அவரிடம் இருந்தது. சாதாரண ஸ்கேனர் பலவற்றில் அது வராது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிஷம் பொறுத்து, டிரைவர் சீட்டுக்கடியில் கை விட்டார். ஏர்பேக் சிஸ்டத்தின் மஞ்சள் வயர் கனெக்டர் பாதி கழன்று, அதன் உலோகப் பின்களில் (pin) பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுத்தம் செய்து 'டிக்' என்று பூட்டி, ஸ்கேனரில் பழுது கோட்-ஐ அழித்தார். 700 ரூபாய்.

அதற்காக எல்லாவற்றுக்கும் உள்ளூரே போதும் என்று சொல்லமாட்டேன். வாரண்டி இருந்தாலோ, வண்டி மோதியிருந்தாலோ, வெள்ளத்தில் நின்றிருந்தாலோ கம்பெனிதான். "ரெசிஸ்டர் வச்சு விளக்கை அணைச்சிடலாம்" என்று யாராவது சொன்னால், அது விளக்கைத்தான் ஏமாற்றும், பழுது அப்படியே இருக்கும்; சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.