‘ஐ7 கேமிங் கணினி’ என்று சொல்லி விற்கப்படும் பழைய சிப்புகள்: வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நண்பர்களோடு இணையத்தில் போர் விளையாட்டு ஆடுவதற்காக வீட்டுக்கு ஒரு கணினியை அசெம்பிள் செய்து வாங்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மதுரையில் ஒரு கணினிக் கடையில் 42,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கணினியில், கேபினெட்டையும் விசைப்பலகையையும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு ஏமாற்று இருந்தது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இதே முறையில் விற்கும் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒரு பெயரைத் தெரிந்துகொள்வதைக் காட்டிலும் அந்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களைக் காப்பாற்றும்.

கல்லூரியில் ஒன்றாகப் படித்து இப்போது சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று பிரிந்து கிடக்கும் எங்கள் குழு, சனிக்கிழமை இரவுகளில் ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ ஆடுவதற்காகக் கூடுகிறது. 2016-இல் வெளிவந்த இந்த விளையாட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து நாடுகளில் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு நடத்தும் வியூக விளையாட்டு. இடையிடையே ‘ஆர்மா 3’ என்ற ராணுவச் சுடும் விளையாட்டையும் ஆடுவோம். ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ போன்ற வியூக விளையாட்டுகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு என்பதை வாங்குபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இணையத்தின் வழியே பயணிப்பவை பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் இடும் கட்டளைகள் மட்டுமே. அந்தக் கட்டளைகளை வைத்து உலகம் முழுவதிலும் உள்ள படைகள், தொழிற்சாலைகள், கப்பல்கள் அனைத்தின் கணக்கையும் ஒவ்வொருவருடைய கணினியும் தனித்தனியே போட்டு, விளையாட்டுக்குள் எல்லோரும் ஒரே தேதியில் நிற்க வேண்டும். ஒரு கணினி பின்தங்கினால் மற்ற எல்லோரும் அதற்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும். ஆகவே இங்கே முதலில் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டு அல்ல. கணினியின் மூளையான ப்ராசஸரில், கணக்குப் போடும் அலகுகளான கோர்களில் ஒன்று தனியாக எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத்தான். மோசமான ப்ராசஸரை என் தலையில் கட்டியவர், என்னை மட்டுமல்லாமல் மூன்று நகரங்களில் உட்கார்ந்திருந்த என் நண்பர்களின் சனிக்கிழமைகளையும் கெடுத்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

கொட்டேஷனில் ‘இன்டெல் ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்’ என்று எழுதியிருந்தார்கள். (எஸ்எம்பிஎஸ் என்பது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி.) ப்ராசஸர் எந்தத் தலைமுறை என்று நான் கேட்டதற்கு, “லேட்டஸ்ட்தான் சார், மாடல் நம்பர் பில்லில் வரும்” என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து, விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் பார்த்தபோது அங்கே இருந்த பெயர் ஐ7-2600. இது 2011 ஜனவரியில் வெளிவந்த இரண்டாம் தலைமுறைச் சிப்பு. நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை) கொண்டது என்பது உண்மைதான். ஆனால் 2022-இல் வந்த 12-ஆம் தலைமுறை ஐ3-12100 சிப்பிலும் அதே நான்கு கோரும் எட்டு த்ரெட்டும் இருக்கின்றன. ஒற்றைக் கோரின் வேகத்தில் அது ஐ7-2600-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ‘ஐ7’ என்பது வரிசையின் பெயர் மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும்; 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. கடைக்காரர்கள் இந்த எண்ணைச் சொல்லத் தயங்கினால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இதில் பலர் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பழைய சிப்புகளைப் பொருத்துவதற்கான எச்61 வகை மதர்போர்டுகள் (பாகங்களையெல்லாம் செருகும் பலகைகள்) இன்றும் புதிதாகத் தயாரிக்கப்பட்டு, புதிய பெட்டியில், பளபளப்பாக வருகின்றன. பெட்டியைப் பிரிக்கும்போது எல்லாம் புதியதாகவே தோன்றும். அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய கணினிகளின் சிப்பையும் பழைய டிடிஆர்3 வகை ராமையும் அதில் செருகி, வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடிக் கேபினெட்டில் வைத்துவிட்டால், அது ‘கேமிங் கணினி’ ஆகிவிடுகிறது. பழைய பாகங்களில் கட்டிய கணினியை, பழையது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை. பள்ளிப் பாடத்துக்கும் கணக்கு எழுதுவதற்கும் அது நன்றாகவே உழைக்கும். புதியது என்று சொல்லி, புதியதன் விலையை வாங்குவதுதான் மோசடி.

கிராஃபிக்ஸ் கார்டில் நடந்தது இதைவிடத் துணிச்சலானது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று சொல்லி விற்றார்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலும் அந்தப் பெயரே தெரிந்தது. ஆனால் கார்டின் பின்பக்கத்தில், பழைய மானிட்டர்களை இணைக்கும் நீல நிற விஜிஏ துளை ஒன்று இருந்ததைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. 2016-இல் வந்த 1050 டிஐ, பாஸ்கல் வகைச் சிப்பில் ஓடுவது. அந்த வகையில் விஜிஏவுக்கான அனலாக் வெளியீடே கிடையாது. இந்தச் சிப்புகளைத் தயாரிக்கும் என்விடியாவின் தளத்திலிருந்து, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை எடுத்துப் புதுப்பித்தவுடன் திரை கறுத்துப்போனது. பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இயக்கியபோது, கார்டின் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்ற குறிப்பே வந்து நின்றது. உள்ளே இருந்தது 2010-இல் வெளியான ஜிடிஎஸ் 450 குடும்பத்துச் சிப்பு. 1050 டிஐயில் 768 கூடா கோர்கள் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு அலகுகள்) இருக்க வேண்டிய இடத்தில் இதில் இருந்தவை 192. 4 ஜிபி நினைவகம் என்று காட்டிய கார்டில் உண்மையில் இருந்தது 1 ஜிபி.

இந்தப் பித்தலாட்டம் எப்படி நடக்கிறது என்பதை விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு கிராஃபிக்ஸ் கார்டிலும் பயாஸ் என்ற சிறு மென்பொருள் உண்டு. ‘நான் யார்’ என்று கணினிக்குச் சொல்வது அதுதான். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, புதிய கார்டின் பெயரையும் நினைவக அளவையும் பொய்யாகச் சொல்ல வைத்துவிடுகிறார்கள். விண்டோஸ் அந்தப் பெயரை அப்படியே நம்பிக் காட்டுகிறது. கடைக்காரர் காட்டும் திரையில் பெயர் சரியாக இருப்பதால் வாங்குபவரும் நம்புகிறார். விளையாட்டு 1 ஜிபிக்கு மேல் நினைவகம் கேட்கும்போதுதான் திரை உறைந்து, கணினி நின்றுபோகிறது. இந்த மோசடி உலகம் முழுவதும் பரவியதால்தான் 2018-இல் ஜிபியு-இசட் போலிக் கார்டுகளை அடையாளம் காட்டும் வசதியைச் சேர்த்தது. அதை நிறுவவும் தேவையில்லை. பென்டிரைவில் எடுத்துச் சென்று, பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். அனுமதி மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் பெரிய எழுத்தில் 500 வாட்ஸ் என்று இருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 17 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தார்கள். பெருக்கினால் வருவது 204 வாட்ஸ். ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மின்சாரம் போவது இந்த 12 வோல்ட் வழியாகத்தான் என்பதால், மேலே எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை, அதன் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது, அது ஏற்கெனவே 20,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம்தான்; அதாவது இரவு பகலாக இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிய டிஸ்க் அது.

விண்டோஸ் 11-ஐ நிறுவித் தந்திருந்தார்கள். மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இன்டெல் ப்ராசஸர்களில், ஏழாம் தலைமுறையின் ஒரு சில மாடல்களைத் தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றவை; அந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்கும் வழியில் ஏற்றியிருந்தார்கள். உரிமமும் திருட்டு ஆக்டிவேட்டர் (உரிமம் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றும் மென்பொருள்) மூலம் போட்டது. அந்த ஆக்டிவேட்டரை விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருள் பிடித்துவிடக்கூடாது என்பதற்காக, சி டிரைவ் முழுவதையும் சோதனையிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே பதற்றம் ஏற்பட்டது. ஆண்டுக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய விளையாட்டுகளெல்லாம் இருக்கும் ஸ்டீம் கணக்கையும், வங்கிக் கணக்கையும் திறக்கும் கணினி அது. புதுக் கணினி வந்தவுடன், கடையில் ஏற்றித் தந்த விண்டோஸை அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து நேரடியாக எடுத்து நிறுவிய பிறகே எந்தக் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யுங்கள்.

இணைய இணைப்பிலும் ஒரு தொகை பறிபோனது. ‘ஆர்மா 3’-க்கு நம் வீட்டிலேயே சர்வர் நடத்த வேண்டுமென்றால், ரவுட்டரில் 2302 முதல் 2306 வரையிலான யுடிபி போர்ட்டுகளை (வெளியிலிருந்து தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்களை) நம் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். அதே கடை அனுப்பிய ஆள், ‘போர்ட் திறக்க’ என்று 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ரவுட்டரில் அந்த எண்களைப் பதித்துவிட்டுப் போனார். நண்பர்கள் யாராலும் உள்ளே வர முடியவில்லை, வரவும் முடியாது. ஏனென்றால் எனக்கு இணைப்புத் தரும் நிறுவனம், ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சிஜிநாட் முறையில் இயங்குகிறது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்த முறையில்தான் இருக்கிறீர்கள். அப்போது வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை, ஏனெனில் அடைப்பு இருப்பது நிறுவனத்தின் பக்கத்தில். இதைப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. அதைப் பார்க்காமல் பணம் வாங்கியது அறியாமை என்றே வைத்துக்கொண்டாலும், வேலை நடக்கவில்லை என்று தெரிந்த பிறகும் திருப்பித் தர மறுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. நிலையான பொது ஐபியை நிறுவனத்திடம் கட்டணம் செலுத்திப் பெறலாம். இல்லையென்றால் ஜீரோடயர், டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருள்களில் நண்பர்கள் அனைவரும் ஒரே தனி வலையமைப்பாகச் சேர்ந்துகொள்ளலாம். சிறு குழுவுக்கு இலவசத் திட்டமே போதும். நாங்கள் இப்போது ஆடுவது அப்படித்தான். ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’-ஐ ஸ்டீம் வழியாக ஆடுவதற்குப் போர்ட் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

கடைக்காரரிடம் திரும்பிச் சென்றபோது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ரசீதில் முத்திரை குத்தியிருப்பதைக் காட்டினார். அந்த ரசீதிலும் ‘கணினி – 1 செட்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. முழு விவரத்துடன் ஜிஎஸ்டி பில் இரண்டு நாளில் வரும் என்று சொன்னவர்கள் கடைசிவரை தரவில்லை. இந்த முத்திரையைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததையும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. ‘பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீத வரி மிச்சம்’ என்று கடையில் ஆசை காட்டினாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ப்ராசஸர், மதர்போர்டு, கார்டு, எஸ்எஸ்டி ஒவ்வொன்றின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் தனித்தனி வரியாக உள்ள பில் இல்லையென்றால், தயாரித்த நிறுவனத்திடம் வாரண்டி கேட்பதும் கடினம், வழக்கில் நிறுவுவதும் கடினம்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகு கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு அதன் தொகையைத் தந்தார்கள். மற்றவற்றுக்குப் பொறுப்பேற்க மறுத்துவிட்டதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வாங்கிய கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். கொட்டேஷன், யுபிஐயில் பணம் செலுத்திய பதிவு, வாட்ஸ்அப்பில் ‘லேட்டஸ்ட்’ என்று அவர்கள் எழுதிய செய்தி, ஜிபியு-இசட் திரையின் படம், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் படம் ஆகியவற்றை மனுவோடு இணைத்தேன். பில் இல்லாத நிலையில் இவைதான் எனக்குச் சான்று. ஆகவே பெட்டிகளைக் குப்பையில் போடாமல், பாகங்களின் எண்கள் தெரியும்படி முதல் நாளே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் இப்படி ஒரு கணினியை வாங்கியவர்கள், அந்த 30 நாள் முடிவதற்குள் மேலே சொன்ன மென்பொருள்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.