ஃபேன் நிற்காமல் ஓடியதற்கு 18,400 ரூபாய் அழுதேன்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

என்னுடையது 2006 மாடல் பெட்ரோல் கார். ஒரு மாதமாக, இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டர் ஃபேனும் ஓட ஆரம்பித்துவிடும். லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 9-க்கு இறங்கியது. கரும்புகை, பெட்ரோல் வாடை வேறு. ஆனால் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போகும் ஆப் ஒன்றில் புக் செய்தேன். வந்த பையன் சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் பிளாஸ்டிக் உறை போட்டான். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர், வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை மாட்டித் திரையைக் காட்டினார். "எர்ரர் கோடு வருது பாருங்க சார். ஃபேன் நிக்காம ஓடுதுன்னா இன்ஜின் சூடாகுது. விட்டா இன்ஜின் மேல்பாகம், அதான் ஹெட், போயிடும்." மாமாவின் வண்டியில் ஹெட் போன கதை ஞாபகம் வந்தது. திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு சரி என்றேன். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கூலி எல்லாம் சேர்த்து 18,400 ரூபாய்.

மறுநாள் காலை வண்டியை எடுத்தால் அதே ஃபேன், அதே புகை. போன் செய்தேன். "புது பார்ட்ஸ் சார், நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." அப்புறம் "மேனேஜர் லீவு". அப்புறம் "ஆப்புல கம்ப்ளைன்ட் போடுங்க". போட்டால், ஒர்க்‌ஷாப்பில் பேசச்சொல்லி புகாரை மூடிவிட்டார்கள். கடைசியில் "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்". 18,400 வாங்கும்போது தெரியவில்லையா, பழைய வண்டி என்று?

முந்தாநாள் தெருமுனை மெக்கானிக் பாயிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "தம்பி, கூலன்ட், அதான் இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணி, அதோட சூடு மைனஸ் 40 டிகிரின்னு போட்டிருக்கு. திருச்சியில ஏது தம்பி மைனஸ் 40?" பி0118 என்ற அந்த எர்ரர் கோடு சொன்னதே கூலன்ட் சென்சார் சர்க்யூட் கோளாறைத்தானாம். சென்சார் அறுந்துபோனால், இன்ஜின் பனியில் உறைந்து கிடப்பதாக நினைத்து, இன்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலை அள்ளி ஊற்றுமாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓட்டிவிடுமாம். முள்ளுக்கு இந்த வண்டியில் தனி சென்சார், அதனால் அது ஒழுங்காகக் காட்டியிருக்கிறது.

இரண்டு ஒயர் சாக்கெட்டைக் கழற்றி சென்சாரில் மல்ட்டிமீட்டரை வைத்தார். ஆறின இன்ஜினில் 2,000 ஓம் பக்கம் வர வேண்டுமாம், சூடேறினால் 300 பக்கம் இறங்குமாம். என்னுடையதில் ஒன்றுமே வரவில்லை. சாக்கெட்டின் இரு முனைகளையும் துண்டு ஒயரால் இணைத்ததும் ஸ்கேனரில் சூடு நூறைத் தாண்டிப் பறந்தது. ஒயர் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் காலி. புதுசு 550, கூலி 150. ஃபேன் நின்றது.

சரி, சொல்வதாகச் சொன்னவை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்கேனரை மாட்டினால் கூலன்ட் சூடு வெளிக்காற்றை ஒட்டி இருக்க வேண்டும். எர்ரர் கோடு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்குங்கள். நான் கேட்டதற்கு "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். அந்த 18,400 ரூபாய்க்கு ரேடியேட்டரை மாற்றினார்களா, கழுவி மாட்டினார்களா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது.