ஐந்து ரோடு கூடும் இடம்: ரவுண்டானாவா, சிக்னலா?

கிருஷ்ணகிரியில் ஐந்து ரோடு பக்கம் போனாலே இந்தப் பேச்சுதான்.

செலவு: ரவுண்டானாவுக்கு இடம் வேண்டும், சிக்னலுக்கு மின்சாரமும் பராமரிப்பும்.

நெரிசல்: மணிக்கு சுமார் 3,000 வண்டி வரை ரவுண்டானா தாங்கும். மிஞ்சினால் உள்ளே நுழைந்த வண்டியே வெளியேற முடியாமல் பூட்டிக்கொள்ளும். சிக்னலில் ஐந்து ரோட்டுக்கும் தலா 25 விநாடி பச்சை, 3 விநாடி மஞ்சள் என்றால் ஒரு சுற்று 140 விநாடி. சிவப்பில் மட்டும் 112 விநாடி நிற்கணும்.

நடப்பவர்கள்: சந்தேகமே வேண்டாம், சிக்னல்தான்.

ரவுண்டானாவைக் கெடுப்பது வெளியேறும் வாயிலேயே ஆளேற்றும் ஷேர் ஆட்டோ. மாங்காய் சீசனில் பின்னால் ஒரு லோடு டிராக்டரும் நின்றால் ஐந்து ரோடும் அடைபடும். வலப்பக்கமிருந்து சுற்றி வருபவருக்கே முதல் வழி என்பதையும் பலர் மதிப்பதில்லை.

வலப்பக்கம் திரும்பும் வண்டி அதிகம், நடப்பவர் குறைவு என்றால் ரவுண்டானா. பஸ் ஸ்டாண்டு, கடைவீதி ஒட்டிய இடமென்றால் சிக்னல். நள்ளிரவில் மஞ்சள் மட்டும் மினுக்கினால் போதும்.