ஆராய்ச்சி பண்றவங்களே எழுதுறதைப் படிக்கிறது: ரொம்ப வருஷ அனுபவம்

பேப்பர்லயே அறிவியல் செய்தி வருதே, அப்புறம் எதுக்குடா விஞ்ஞானிங்க அவங்க ப்ளாக்ல எழுதுறதைத் தேடிப் படிக்கிறேன்னு ஃப்ரெண்ட் கேட்டான். பதில் கொஞ்சம் நீளம், அதான் இங்க எழுதுறேன்.

என்னை இதுல இழுத்து விட்டது ஆர்சனிக் பாக்டீரியா சண்டைதான். 2010 டிசம்பர்ல நாசா பிரஸ் மீட் வச்சு, கலிஃபோர்னியா மோனோ ஏரியில கிடைச்ச ஒரு பாக்டீரியா பாஸ்பரஸுக்குப் பதிலா ஆர்சனிக்கை வச்சு டிஎன்ஏ கட்டுதுன்னு அறிவிச்சாங்க, உலகம் பூரா தலைப்புச் செய்தி. ரெண்டே நாள்ல கனடாவுல ரோஸி ரெட்ஃபீல்ட்னு ஒரு மைக்ரோபயாலஜி புரொஃபசர் இணையத்துல தானே உக்காந்து எழுதினாங்க. டிஎன்ஏவை ஒழுங்கா சுத்தம் பண்ணாம அளந்திருக்கீங்க, ஒட்டிக்கிட்டு வந்த ஆர்சனிக்கா இருக்கலாமே, பாஸ்பேட் (பாஸ்பரஸ் உள்ள உப்பு) இல்லைன்னு நீங்க சொல்ற, பாக்டீரியாவை வளர்த்த கரைசல்லயே அது வளர்ற அளவுக்கு பாஸ்பேட் அழுக்கு இருக்கேன்னு கணக்கு போட்டுக் காட்டினாங்க. இதையெல்லாம் ஆராய்ச்சி ஜர்னல்லதான் பேசணும்னு நாசா தரப்புல சொல்லிட்டாங்க.

அதோட விடல அந்தம்மா, அதே பாக்டீரியாவை வாங்கி லேப்ல வளர்த்து நடந்ததை அப்பப்ப எழுதினாங்க. முதல்ல அது சரியாவே வளரல, கொஞ்சம் க்ளூட்டமேட்னு ஒரு அமினோ அமில உப்பு சேர்த்த பிறகுதான் நல்லா வளர்ந்துச்சு, இதைக்கூட மறைக்கல! எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த இடம்தான். வேலை சொதப்புறதை, ஏன் சொதப்புச்சுன்னு யோசிக்கிறதை எந்த செய்தியிலயும் பாக்க முடியாது. 2012ல, நாசா அறிவிச்ச அந்த ஆராய்ச்சிக் கட்டுரையைப் போட்ட சயன்ஸ் பத்திரிகையே மறுப்பை வெளியிட்டுச்சு, டிஎன்ஏக்குள்ள ஆர்சனிக் இல்லைன்னு. அந்தப் பழைய கட்டுரையை வாபஸ் வாங்கினது 2025 ஜூலைலதான், அதுவும் எழுதினவங்க ஒத்துக்காம. மோசடின்னு யாரும் சொல்லல, டேட்டா முடிவைத் தாங்கலைன்னுதான் சொன்னாங்க.

சரி, கோபத்துக்கு வரேன். இந்த மாதிரி எழுதுறவங்க பாதியில காணாம போயிடுறாங்க. நான் விடாம படிச்ச ஒரு மூளை ஆராய்ச்சியாளர், எலிகளோட தூக்கத்தைப் பத்தி அவ்ளோ அழகா எழுதிட்டு வந்தவர், அடுத்த வாரம் ரிசல்ட் சொல்றேன்னாரு, அதோட சரி, இன்னிக்கு வரைக்கும் சத்தமே இல்ல. கிளாஸ் எடுக்கணும், ஆராய்ச்சிப் பணம் கேட்டு கிராண்ட்டுக்கு எழுதணும், இதுக்கு யாரும் சம்பளம் தர்றதில்ல, ப்ரமோஷனுக்கும் பெருசா கணக்குல வராது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் நம்மளை உள்ள கூட்டிட்டுப் போயிட்டு லைட்டை அணைச்சிட்டுப் போனா எரிச்சல் வராதா?

அதனால மச்சான், உனக்கு நான் இதை ரெக்கமண்ட் பண்ண மாட்டேன், இப்போதைக்கு நீ பேப்பரையே படி. என்னால மட்டும் விட முடியாது. அந்த எலிக்கு என்னாச்சுன்னு அவர் ஒரே ஒரு வரி போட்டா போதும், ரிசல்ட் தப்பாப் போயிருந்தாலும் பரவாயில்ல.