பழைய கேசட்டை பென் டிரைவில் ஏற்றித் தரும் செவ்வாய்ப்பேட்டைக் கடை: டீப் பர்ப்பிள் கேசட்டுகள் கொடுத்துப் பார்த்த அனுபவம்

சேலத்தில் இன்னும் கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றித் தர ஆள் இருக்கிறாரா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர், ரேடியோ ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை. போர்டில் கேசட் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும்.

நான் கொடுத்தது என் மாமாவின் டீப் பர்ப்பிள் கேசட்டுகள், இங்கிலாந்து ராக் பேண்ட் அது. மாமா ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தவர். பாதி கேசட் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல், மீதி அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட் கொடுத்துப் பதிந்து வாங்கியது, அட்டையில் பாட்டுப் பெயரெல்லாம் அவர் கையெழுத்து. ஏற்காட்டு ஈரம் தெரியும்தானே, மழைக்காலத்தில் பீரோவில் மடித்து வைத்த துணியே பூத்துப்போகும். கேசட் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

முதலில் விசாரித்த வேறொரு இடத்தில் அதைப் பார்த்த பிறகும் "போட்டுப் பார்ப்போம்" என்று நேராக டெக்கில் சொருகப் போனார்கள், திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் கேசட்டைக் கையில் வாங்கியதுமே, "இத அப்படியே ஓட்டுனா ஹெட்டும் கெடும், அடுத்தவங்க கேசட்டுக்கும் ஒட்டிக்குமுங்க" என்றார். ஹெட் என்பது டேப்பில் இருக்கும் சத்தத்தைப் படிக்கும் பாகம். ஸ்க்ரூவைக் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, டேப்பை மெல்லிய துணிக்கு நடுவில் மெதுவாக ஓட்டித் துடைத்து, வேறு நல்ல கூட்டுக்குள் மாற்றினார். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துபோன கேசட்டுகளுக்கும் இதே வைத்தியம்தான். அப்புறம் அவர் செய்த வேலைக்காகவே நான் இவ்வளவு எழுதுகிறேன்: ஒவ்வொரு கேசட்டுக்கும் தனித்தனியாக, ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவைத் திருப்பி, பாட்டு ஓடும்போதே காதால் கேட்டு ஹெட்டின் சாய்வைச் சரி செய்கிறார். பதிந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு இங்கேயும் இல்லையென்றால் மேல் சத்தமெல்லாம் மங்கிவிடும். கால் திருப்பு திருப்பினார், கம்பளி போர்த்தியது மாதிரி கிடந்த டிரம்மர் இயன் பெய்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் அப்படியே திறந்துகொண்டது.

இந்த பேண்டுக்கு அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஆள் மாற மாற சத்தமும் மாறிய பேண்ட் இது. 1968-ல் இங்கிலாந்தில் தொடங்கும்போது கிட்டார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் பெய்ஸ். 1969-ல் பாடகரையும் பேஸ் வாசித்தவரையும் மாற்றிவிட்டு இயன் கில்லன், ரோஜர் குளோவர் இருவரையும் சேர்த்தார்கள். ரசிகர்கள் மார்க் 2 என்று கொண்டாடுவது இந்த அணியைத்தான். அதே வருடம் செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு, லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை வாசித்தவர்கள், 1970-ல் 'இன் ராக்' என்று காதைக் கிழிக்கிற ஆல்பம் போடுகிறார்கள். அதில் 'சைல்ட் இன் டைம்' பாட்டில் கில்லனின் குரல் ஏறிக்கொண்டே போகும் இடம் இருக்கிறதே, கேசட் எடுத்தவர் ஒழுங்காக எடுத்தாரா இல்லையா என்று அங்கே தெரிந்துவிடும். இவர் எடுத்ததில் கரகரப்பு இல்லாமல் சுத்தமாக வந்திருக்கிறது.

ஒரு குறை, அதுவும் 'மெஷின் ஹெட்' ஆல்பம் கேசட்டில்தான். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஊரில் ஒரு கசீனோவில் இதைப் பதியத்தான் போனார்கள். 4-ஆம் தேதி அங்கே நடந்த அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரியில் யாரோ ஃபிளேர் துப்பாக்கியால் சுட, கட்டிடமே எரிந்துபோனது. ஜெனீவா ஏரி மேல் பரவிய அந்தப் புகைதான் இந்த ஆல்பத்தின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டு. கடைசியில் குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் வராந்தாவில் வாசித்து, வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸின் ரெக்கார்டிங் வண்டியில் பதிந்தார்கள். ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை கிட்டார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் சொருகி வாசிப்பவர். அந்த உறுமல் போனால் ஆல்பமே போச்சு. அண்ணன் நல்லது செய்கிறேன் என்று இரைச்சல் நீக்கும் ஃபில்டரைப் போட்டுவிட்டார், 'உஸ்ஸ்' சத்தத்தோடு உறுமலும் சேர்ந்து போய்விட்டது. சொன்னதும் முகம் சுளிக்காமல், கூடக் காசு வாங்காமல், ஃபில்டர் இல்லாமல் மறுபடி ஓட்டிக் கொடுத்தார். நீங்கள் ராக் கொடுத்தால் முதலிலேயே "ஃபில்டர் வேண்டாங்க" என்று சொல்லிவிடுங்கள். இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் கச்சேரியில் பதிந்த 'மேட் இன் ஜப்பான்' ரெக்கார்டிங் சென்டர் கேசட்தான், ஆனாலும் அருமையாக வந்திருக்கிறது. அடுத்த வருடமே கில்லனும் குளோவரும் விலக, துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கவர்டேல் பாடகராக வருகிறார், பேஸோடு பாடவும் கிளென் ஹியூஸ். 1974-ன் 'பர்ன்' கேட்டால் இரண்டு குரலும் போட்டி போடும். 1975-ல் பிளாக்மோரும் போய்விட்டார், அவர் இடத்துக்கு வந்த டாமி போலின் 1976 டிசம்பரில் 25 வயதில் இறந்தார், அதற்குள் பேண்டே கலைந்திருந்தது. 1984-ல் மார்க் 2 ஆட்கள் மறுபடி ஒன்று சேர்ந்து 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' போட்டார்கள். மாமா அதிகம் ஓட்டியது இந்தக் கேசட்டைத்தான், டேப் அறுந்திருந்ததை அண்ணன் ஒட்டியே எடுத்திருக்கிறார், ஒட்டின இடம் எது என்று காதுக்குத் தெரியவில்லை.

மாமாவின் பை 1993-ன் 'த பேட்டில் ரேஜஸ் ஆன்' கேசட்டோடு முடிகிறது. அந்தச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் கடைசியாக விலகினார். 1994 முதல் 2022 வரை கிட்டார் ஸ்டீவ் மோர்ஸ், பிளாக்மோரைவிட அதிக வருடம் இருந்தவர் இவர், ஆனால் இவர் பெயரைச் சொல்ல ஆளில்லை என்பது எனக்கு வருத்தம்தான். 2002-ல் விலகிய ஜான் லார்ட் 2012-ல் காலமானார், அவர் இடத்தில் டான் ஏரி என்பவர். இப்போது கிட்டார் சைமன் மெக்பிரைட், 2024-லும் புது ஆல்பம் வந்தது. தொடக்கம் முதல் இன்றுவரை மாறாத ஒரே ஆள் இயன் பெய்ஸ், சிம்பல் சத்தத்தில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருந்தேன் என்று புரிந்திருக்கும்.

காசு விஷயம்: கேசட்டுக்கு 150 ரூபாய், பூஞ்சை துடைக்க 50 கூட. ஜிபே உண்டு. அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது, கேசட்டை முழுசாக ஓட்டித்தான் எடுக்க முடியும், நடுவில் ரிப்பேர் வேலையும் வரும். ஃபைலுக்கு 'டிராக் 1, டிராக் 2' என்றுதான் பெயர் வைப்பார், பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் அதையே போடுகிறார். எம்பி3 வேண்டாம், சத்தத்தைச் சுருக்காத வேவ் ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.